பதினாறு வீட்டுத் தெரு

செயின்ட் கில்டாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசி நாளில் இருந்துதான் தொடங்குவார்கள். 1930 ஆகஸ்ட் 29. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில், வடக்கு யூஸ்ட் தீவிலிருந்து சுமார் 64 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஹிர்ட்டா என்ற தீவிலிருந்து கடைசி 36 பேரும் 'ஹேர்பெல்' என்ற கடற்படைக் கப்பலில் ஏறுகிறார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸையும் குவித்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள் என்று சொல்வார்கள். நாய்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்பதால் கழுத்தில் கல்லைக் கட்டிக் கடலில் போட்டார்கள். கப்பல் நகர்கிறது, தீவு சின்னதாகிக்கொண்டே போகிறது... படிக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

சினிமாவுக்கென்றே செய்த காட்சி. எடுத்தும் விட்டார்கள். மைக்கேல் பவல் 1937-இல் 'தி எட்ஜ் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற படத்தை இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் எடுத்தார். புதிதாகத் தீவை வாங்கியிருந்தவர் அனுமதி தராததால் வேறொரு தீவில் போய்ப் படம்பிடித்தார் என்பது தனிக்கதை.

நடந்தது உண்மைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு காட்சி கூடவே இரண்டு நம்பிக்கைகளையும் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிடுகிறது. ஒன்று, ஆயிரக்கணக்கான வருஷமாக வெளியுலகமே தெரியாமல் ஒரே இனமாக வாழ்ந்த ஜனங்கள் இவர்கள். இரண்டு, வெளியுலகம் வந்து தொட்டதும் வாடிப்போனார்கள். தீவுக்குப் படகில் வந்து, இரண்டு நாள் தங்கி, ஊர் திரும்பிப் புத்தகம் போட்டவர்களின் பார்வை இது. தீவில் வாழ்ந்த குடும்பங்களின் பிறப்பு, இறப்பு, கல்யாணக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை.

முதலில் அந்த 'ஆதி குடிகள்' சமாச்சாரம். தீவில் இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் இருந்ததற்குத் தடயங்கள் உண்டு. ஆனால் 1930-இல் கப்பலேறிய குடும்பங்களின் பெயர்களைப் பாருங்கள்: கில்லிஸ், மெக்கின்னன், ஃபெர்குசன், மெக்வீன், மெக்டொனால்ட். இவற்றில் பெரும்பாலானவை 1727-க்குப் பிறகு அங்கே வந்தவை.

1697-இல் மார்ட்டின் மார்ட்டின் என்பவர் (அப்பா அம்மாவுக்குப் பெயர்ப் பஞ்சம் போலிருக்கிறது) அங்கே போனபோது சுமார் 180 பேர் இருந்ததாக எழுதியிருக்கிறார். முப்பது வருஷம் கழித்து, 1727-இல், பெரியம்மை வந்தது. தீவுக்காரர் ஒருவர் ஹாரிஸ் தீவுக்குப் போய் அங்கே அம்மையில் இறந்துபோக, அவருடைய துணிமணிகள் ஊருக்கு வந்தன. கூடவே நோயும் வந்தது என்பார்கள். அந்த ஆகஸ்டில் மூன்று ஆண்களும் எட்டுப் பையன்களும் கானட் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்ற பாறையில் இறங்கியிருந்தார்கள். கடலிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் பாறை அது. சில நாளில் படகு வந்து கூட்டிப்போக வேண்டும். வரவில்லை. படகு வலிக்க ஊரில் ஆளில்லை. அந்தப் பதினொரு பேரும் பறவைகளையும் மீனையும் தின்று குளிர்காலம் முழுக்க அந்தக் கல்லில் கிடந்தார்கள். அடுத்த வருஷம் மே மாதம் ஜமீன்தாரின் காரியஸ்தர் வந்த படகுதான் அவர்களை இறக்கியது. இறங்கிப் பார்த்தால் கிராமத்தில் பெரியவர் ஒருவரும் கொஞ்சம் குழந்தைகளும்தான் மிச்சம்.

தீவின் சொந்தக்காரர் ஸ்கை தீவில் டன்வேகன் கோட்டையிலிருந்த மெக்லியோட். ஆளில்லாத தீவில் குத்தகை யார் கொடுப்பார்கள்? ஸ்கை, ஹாரிஸ் போன்ற பக்கத்துத் தீவுகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார். ஆக, ஆதி மக்கள் என்று பின்னாளில் ஃபோட்டோ எடுக்கப்பட்டவர்கள் பலரும் குத்தகைக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். இதில் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு நானூறு மீட்டர் செங்குத்துப் பாறையில் இறங்குவதை, பரம்பரையாக அதே ஊரில் பிறக்காதவர்கள் ஒன்றிரண்டு தலைமுறையில் கற்றுக்கொண்டார்கள் என்பது ஆதிகுடிக் கதையைவிட ஆச்சரியமானது. ஆனால் சுற்றுலாப் புத்தகத்துக்கு அது தோதுப்படவில்லை.

பேரப்பிள்ளைகள் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஸ்காட்லாந்தில் பெயர் வைக்க ஒரு வழக்கம் இருந்தது. முதல் பையனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் பெண்ணுக்கு அம்மாவின் அம்மா பெயர், அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா பெயர். எல்லோரும் கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள் என்றில்லை. ஆனாலும் பழைய குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அவனே பேரன் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

பிரச்னை எங்கே வருகிறது என்றால், எழுபது எண்பது பேர் இருக்கிற ஊரில், நாலைந்து குடும்பப் பெயர்களுக்குள் இப்படியே சுற்றினால், ஒரே சமயத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தெருவில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். அப்பா பெயர், தாத்தா பெயர் என்று கேலிக் மொழியில் சங்கிலியாகச் சேர்த்துச் சொல்வார்கள், இல்லையென்றால் பட்டப்பெயர். பதிவேட்டில் எழுதுகிறவரோ அதையெல்லாம் விட்டுவிட்டு ஆங்கிலப் பெயர் ஒன்றைப் போட்டுவிடுவார். ஊரில் ஒருவருக்கொருவர் அறிந்திருந்த பெயர் ஒன்று, காகிதத்தில் இருக்கிற பெயர் இன்னொன்று.

அப்படியானால் காகிதத்தை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிவேட்டை எழுதியவர்களும் வெளியாட்கள்தான், பெரும்பாலும் பாதிரியார்கள். ஆனால் புத்தகம் எழுதியவருக்கும் பதிவேடு எழுதியவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பதிவேடு எழுதியவர் யாரையும் அசத்த வேண்டியதில்லை. இன்ன தேதி, இன்னார் வீட்டில், இன்ன குழந்தை, அவ்வளவுதான். 1830-இல் குடும்பத்தோடு வந்து குடியேறிய நீல் மெக்கென்சி என்ற பாதிரியார் பிறப்பு இறப்புகளைக் குறித்து வைத்தார். 1855 ஜனவரி 1 முதல் ஸ்காட்லாந்து முழுவதும் பதிவு கட்டாயமாயிற்று. அந்த நாட்டு இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் அப்பா பெயர் மட்டுமல்ல, அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். இங்கிலாந்தின் பழைய சான்றிதழ்களில் இது கிடையாது. ஒரே ஒரு இறப்புப் பதிவை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். கிராமத்துக் குடும்ப வரலாறு எழுதுகிறவர்கள் ஸ்காட்லாந்தில் இத்தனை பேர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

அந்தப் பதிவேடு காட்டுகிற, பயணக் கதைகள் ஒரு பத்தியில் தாண்டிப் போகிற விஷயம், குழந்தைகள்.

ஹிர்ட்டாவில் 'எட்டு நாள் நோய்' என்று ஒன்று இருந்தது. குழந்தை நன்றாகத்தான் பிறக்கும். நாலைந்து நாளில் பால் குடிப்பதை நிறுத்திவிடும். தாடை இறுகிப்போகும். எட்டாம் நாளோ அதற்குச் சற்று முன்பின்னோ முடிந்துவிடும். பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் ரணஜன்னி அது. 19-ஆம் நூற்றாண்டின் சில காலகட்டங்களில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல் இதில் போயிருக்கின்றன. மருத்துவச்சி தொப்புள்கொடியில் தடவிய பறவை எண்ணெயைக் காரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. மண்ணைக் காரணமாகச் சொல்கிறவர்களும் உண்டு. எதுவாயினும் ஊரார் அதை ஆண்டவன் சித்தம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஏங்கஸ் ஃபிட்டஸ் என்ற பாதிரியார் அப்படி ஏற்கவில்லை. 1889-இல் தீவுக்கு வந்தவர். கிளாஸ்கோவுக்குப் போய்ப் பிரசவத்தில் கிருமி நீக்கும் முறையைத் தானே கற்றுக்கொண்டு திரும்பினார். மருத்துவச்சியின் எதிர்ப்பைச் சமாளித்து, கத்தியையும் கட்டுத் துணியையும் சுத்தம் செய்ய வைத்தார். 1890-களில் நோய் நின்றுபோயிற்று. செயின்ட் கில்டா பற்றிய புத்தக அட்டைகளில் தாடி வைத்த ஆண்கள் தெருவில் வரிசையாக நிற்கும் 'பாராளுமன்ற' ஃபோட்டோதான் வரும். தினமும் காலையில் கூடி அன்றைக்கு என்ன வேலை என்று பேசிக்கொண்டதற்கு வந்தவர்கள் வைத்த பெயர் பாராளுமன்றம். ஃபிட்டஸ் அட்டைக்கு வருவதில்லை. அவர் இல்லாவிட்டால் 1930-இல் கப்பலேற 36 பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் 'வெளியுலகம் தொட்டது, கிராமம் வாடியது' என்கிற கணக்கு இடிக்கிறது. வெளியுலகம் அம்மையைக் கொண்டுவந்தது. அதே வெளியுலகம்தான் ரணஜன்னியை நிறுத்திய கிருமிநாசினியையும் கொண்டுவந்தது.

வரவு செலவுப் பக்கமும் அப்படித்தான். தீவுக்காரர்கள் பணமே தெரியாத அப்பாவிகள் என்று எழுதியவர்கள், குத்தகை எப்படிக் கட்டப்பட்டது என்பதை அடிக்குறிப்பில் போட்டுவிடுகிறார்கள். இறகு, பறவை எண்ணெய், நெய்த கம்பளித் துணி. வருஷம் ஒருமுறை காரியஸ்தர் வருவார், எடை போடுவார், கொண்டுவந்த உப்பையும் தானியத்தையும் கழித்துக் கணக்கு முடிப்பார். ஃபுல்மார் என்ற கடற்பறவை 1878 வரைக்கும் பிரிட்டனிலேயே இங்கே மட்டும்தான் முட்டையிட்டது. வியாபார பாஷையில் சொன்னால் தனியுரிமைச் சரக்கு. விலையை நிர்ணயித்தது மட்டும் விற்றவர்கள் அல்ல, வாங்கியவர். ஒரே வாங்குபவர், வேறு சந்தைக்குப் போக வழி கிடையாது. இந்த நிலைமைக்குப் 'பணம் தெரியாத வாழ்க்கை' என்று பெயர் வைத்தால் எப்படி?

1877 முதல் சுற்றுலாக் கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கின. தீவுக்காரர்கள் முட்டையும் துணியும் விற்றார்கள், ஃபோட்டோவுக்கு நிற்கக் காசு கேட்டார்கள். உடனே வந்தவர்களுக்குக் கோபம், கெட்டுப்போய்விட்டார்களாம்! நூற்றைம்பது வருஷமாகக் காரியஸ்தர் சொன்ன விலைக்கு விற்றவர்கள் முதல்முறையாகத் தாங்களே ஒரு விலை சொன்னார்கள். அதைப் பேராசை என்று எழுதினவர்கள் கப்பல் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை மறந்துவிட்டார்கள்.

கிராமம் தேயத் தொடங்கியது 1930-க்கு வெகு முன்பே. 1851-இல் சுமார் 110 பேர். அடுத்த வருஷமே 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். ஆமாம், அதே 36. மூன்றில் ஒரு பங்கு ஊர். போகிற வழியிலும் போய்ச் சேர்ந்த சில நாட்களிலுமாக அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள். தட்டம்மை முக்கியக் காரணம். மிஞ்சியவர்கள் மெல்பர்னில் இறங்கினார்கள். ஷேன் வார்ன் ஆடிய கிரிக்கெட் கிளப் இருக்கிற செயின்ட் கில்டா என்ற பேட்டைக்கு இவர்களால்தான் பெயர் வந்தது என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அது இவர்களுக்குப் பத்து வருஷம் முன்பே, அங்கே நங்கூரமிட்டிருந்த ஒரு கப்பலின் பெயரால் வந்தது. செயின்ட் கில்டா என்று ஒரு புனிதரும் கிடையாது என்பது இன்னொரு வேடிக்கை :-)

1861 கணக்கெடுப்பில் ஊரில் 78 பேர். அந்தப் பத்தாண்டில்தான் பழைய கூரைவீடுகளுக்குப் பக்கத்தில் பதினாறு புதிய வீடுகளைக் கட்டினார்கள். விரிகுடாவைப் பார்த்தபடி வளைந்து போகும் ஒரே தெரு. அதன் பெயரே 'தெரு'தான். வேறு தெரு இருந்தால்தானே பெயர் வைக்க! முதல் உலகப் போரின்போது கடற்படை ஒரு கம்பியில்லாத் தந்தி நிலையம் வைத்தது. தபால் வந்தது, சம்பள வேலை வந்தது. 1918 மே மாதம் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் தீவைச் சுட்டது. ஜனங்களில் யாரும் சாகவில்லை, ஒரு ஆட்டுக்குட்டி தவிர. போர் முடிந்து கடற்படை போனதும் இளைஞர்களும் போகத் தொடங்கினார்கள். 1921-இல் 73 பேர், 1930-இல் 36. ஒன்பது வருஷத்தில் பாதி. படகு வலிக்கவும் பாறையில் கயிறு பிடிக்கவும் ஆள் போதவில்லை.

1930-இன் நடுவே நிற்கும் கதை ஒன்று உண்டு. அந்த ஜனவரியில் தீவின் இளம் தாய் ஒருவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது, உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை, அவர் இறந்தார், அதைப் பார்த்துத்தான் ஊர் முடிவெடுத்தது. அறுபது வருஷம் புத்தகத்துக்குப் புத்தகம் இதையே எழுதினார்கள். ஒதுங்கிய தீவு, டாக்டர் இல்லை, சாவு. கதைக்குக் கச்சிதம்.

இறந்தவரின் மகன் தீவை விட்டுப் போகும்போது ஐந்து வயதுக் குழந்தை. அம்மா கரையிலிருந்து படகேறிப் போனதும் கையசைத்ததும்தான் அவருக்கு ஞாபகம். 1991-இல், அறுபதைத் தாண்டிய வயதில், அவருக்கு உண்மை தெரியவந்தது. அம்மா இறந்தது குடல்வாலால் அல்ல. கிளாஸ்கோ மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றபிறகு நுரையீரல் நோயால் இறந்திருக்கிறார். அந்தக் குழந்தையும் பிழைக்கவில்லை. தனக்கு ஒரு தங்கை பிறந்தாள் என்பதே அந்த மனிதருக்கு அறுபது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

கிளாஸ்கோவில் ஒரு பதிவேட்டில் அந்த வரிகள் அத்தனை காலமும் இருந்தன. எழுதினவர்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, கதை ஏற்கெனவே நன்றாக இருந்தது. ஊர் வரலாறு வேறு, குடும்ப வரலாறு வேறு, முதலாவது அறிஞர்களுக்கு, இரண்டாவது ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று பிரிக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தைப் பார்த்தால் போதும். ஒருவருக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி பிழை. இன்னொருவருக்கு ஒரு தங்கை.

அந்த மே மாதம் 10-ஆம் தேதி அரசாங்கத்துக்கு எழுதிய மனுவும் இருக்கிறது. பாதிரியார் டுகால்ட் மன்றோ உடனிருக்க 20 பேர் கையெழுத்துப் போட்டார்கள். தீவில் நர்ஸாக இருந்த வில்லியமினா பார்க்ளேயும் அவர்களோடு பேசி உதவியவர். கண்ணீர் எதுவும் அதில் இல்லை. ஆட்கள் குறைந்துவிட்டார்கள், இன்னும் சிலர் குளிர்காலத்துக்குள் வேலை தேடிப் போகப்போகிறார்கள், மிச்சமுள்ளவர்களால் சமாளிக்க முடியாது என்று ஒரு நிறுவனத்தைக் கலைக்கிற தீர்மானம் மாதிரி எழுதியிருக்கிறார்கள். எங்களை ஒரே சமூகமாகச் சேர்த்துக் குடிவைக்க வேண்டும் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை என்ற பொருளிலும் ஒரு வாக்கியம் வருகிறது. துரத்தப்பட்ட ஜனங்களின் குரல் மாதிரி இல்லை அது. யோசித்து, பேசி, கையெழுத்துப் போட்டுப் போனவர்களின் குரல். 'கையாலாகாமல் அழிந்த கடைசி மனிதர்கள்' என்று எழுதுகிறவர்கள் அந்த ஒரு பக்கத்தையாவது படித்திருக்கலாம்.

போனபிறகு பலருக்கு மோர்வர்ன் பகுதியில் லாக்அலைன் ஊரில் வீடும் வனத்துறையில் வேலையும் கொடுத்தார்கள். மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்கு மரம் நடும் வேலை! இதைக் கிண்டலாக எழுதாத பத்திரிகை இல்லை. அதே ஆட்களில் சிலர் 1930-களில் கோடைக்குக் கோடை தீவுக்குத் திரும்பிப் போய்ப் பழைய வீட்டிலேயே தங்கிவந்தார்கள் என்பது அந்தக் கிண்டலோடு வருவதில்லை. 1957-இல் தீவு ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் வந்தது. தெருவில் சில வீடுகளுக்கு மறுபடி கூரை போட்டார்கள்.

ஹிர்ட்டாவில் பிறந்தவர்களில் கடைசியாக இருந்த பெண்மணி 2016 ஏப்ரலில், 93-ஆவது வயதில் இறந்தார். தீவை விட்டபோது அவருக்கு எட்டு வயது. அதே வருஷக் கடைசியில், பழைய குடும்பக் காகிதக் கட்டொன்றைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு 1764 ஜூன் மாதம் தேதியிட்ட ஒரு கணக்கு கிடைத்தது. தீவில் 90 பேர், 38 ஆண்கள், 52 பெண்கள், 19 குடும்பங்கள், தனியாக 9 பேர். அம்மைக்குப் பிறகு வந்து குடியேறியவர்களின் முதல் கணக்கெடுப்பு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 36 முட்டையும் 18 பறவையும் சாப்பிடுவதாகவும் அதில் எழுதியிருக்கிறது. கைக்குழந்தைகளையும் சேர்த்துப் பெருக்கினால் ஊருக்கு ஒரு நாளைக்கு 1,620 பறவை, வருஷத்துக்கு ஆறு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. யாரோ ஒரு தீவுக்காரர், கணக்கெடுக்க வந்த துரையிடம் சிரிக்காமல் சொல்லியிருக்க வேண்டும்.